பதினான்காம் எண் படம்

கலை அழிவற்றது, ஒளியைச் சிறைப்பிடித்தவனுக்கு மரணமில்லை. 1934ஆம் வருஷம் ஐப்பசி மாதம் ஆம்பூர் வாசகசாலை மாடியில் நடந்த ஒளியோவியக் கண்காட்சியின் அழைப்பிதழ் இப்படித்தான் ஆரம்பித்தது. அதை அடித்த அச்சாபீஸ்காரன் வழக்கமாகத் தோல் ஏல நோட்டீஸ் அடிக்கிறவன். முந்தின வேலையின் கடைசி வரியை எடுக்க மறந்துவிட்டான். ஆகவே மரணமில்லாப் பெருவாழ்வுக்கு நேர் கீழே, ‘சரக்கைக் கையால் தொட்டுப் பார்த்துத் திருப்தி செய்துகொள்ளவும்’ என்று இருந்தது.

மேதை கோதண்டபாணிக்கு இதனால் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வேலூரில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாண ஜோடிகளை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர், சீமைப் பத்திரிகை ஒன்றில் பெரிய பெரிய ஒளிப்படக் கலைஞர்களின் படங்களைப் பார்த்த அன்றே தாமும் மேதையாகிவிட்டார். மேதைகள் கண்ணாடிச் சட்டம் போடுவதில்லை என்று எங்கேயோ படித்ததால் இருபத்தோரு படங்களையும் வெறும் அட்டையில் ஒட்டி மாட்டியிருந்தார். மேதைகள் ஏழைகளைப் படம் பிடிப்பார்கள் என்பதால் பத்துப் படங்களில் ஏழைகள் இருந்தார்கள்.

திறப்புவிழா ஐந்து மணிக்கு. மூன்று மணிக்கே வந்து, தம் படங்களைத் தாமே ரசித்துக்கொண்டு நடந்தார். வெளியே தூறல், ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் உள்ளே பகலே சாம்பல் பூசினது போலக் கிடந்தது, ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும் அவருடைய புதுச் செருப்பின் கிறீச்சும் தவிரச் சத்தமில்லை. பதினான்காம் எண் படத்தருகே வந்ததும் சுண்ணாம்பு நாற்றம் அடித்தது. தோல் பதனிடும் ஊரான ஆம்பூரில் அது அடிக்காத இடம் ஏது என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஆனால் நாற்றம் ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை. படத்திலிருந்து வந்தது. கூடவே, ஊறின தோலைக் கழியால் கிளறும்போது எழுமே, அந்தக் களக் களக்கும், மிக மெல்ல.

அந்தப் படத்துக்கு ‘உழைப்பின் உச்சம்’ என்று பெயர். லண்டன் போட்டிக்குப் போக வேண்டிய படம். டேனரியில், மயிர் கழலத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியின் விளிம்பில், கழியோடு தனகோடி என்ற கூலிக்காரன் சாய்ந்து நிற்பான். கொட்டகை இருட்டு, எட்டு எண்ணும்வரை லென்ஸ் திறந்திருக்க வேண்டும். அதுவரை அசையாதே என்றார் கோதண்டபாணி. ஐந்தில் தனகோடியின் கால் வழுக்க ஆரம்பித்தது. சொல்லுக்குக் கட்டுப்பட்டவன், ஆறிலும் ஏழிலும் அசையாமலே சரிந்தான். எட்டில் காமிராவை நோக்கிக் கையை நீட்டினான். கோதண்டபாணி எட்டைச் சொல்லி முடித்து, லென்ஸ் மூடியைப் போட்டு, படம் விழுந்த கண்ணாடி பிளேட்டைப் பத்திரமாக உறையில் செருகிவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டார்.

தனகோடி குழியில் விழுந்து செத்தது, தாம் மூட்டை கட்டிக் கிளம்பின பிறகு நடந்த விபத்து என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். பிளேட்டில் மங்கலாக விழுந்திருந்த அந்தக் கையைக் கத்தியால் சுரண்டிப் பென்சிலால் நிரவிவிட்டார். அந்தக் கை மட்டும் தெரிந்தால், படம் எந்த நொடியில் எடுத்தது என்று குழந்தைக்கும் விளங்கும். அப்புறம் லண்டன் இல்லை, வேலூர் ஜெயில்தான்.

படியில் தடி தட்டும் ஓசை. டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் மக்பூல் அகமது வந்து நின்றார்.

“இன்னும் திறக்கல பாய்.”

“தெரியும் சார். கூட்டத்துல நம்மால ஆவாது. கண்ணுல பூ விழுந்துடுச்சி. நோட்டீசுல தொட்டுப் பாக்கச் சொல்லிக்கீறீங்களே, அதான் வந்தேன்.”

“அது அச்சாபீஸ் தப்பு.”

“இருக்கட்டும். கண்ணால பாத்து சரக்கு எடுத்தவன் இந்த ஊர்ல எவன் கீறான்?”

தடுப்பதற்குள் கட்டைவிரல் முதல் படத்தில் ஓடியது.

“காயிதம்.” அடுத்தது. “காயிதம். இது இன்னா சார்?”

“காவேரிப்பாக்கம் ஏரியில் சூரிய அஸ்தமனம்.”

“காயிதம்தான்.”

பதின்மூன்று தலைசிறந்த படைப்புகள் இப்படிக் காயிதமாயின. பதினான்கில் விரல் நின்றது.

“இது தோலு.”

“எல்லாப் படத்திலயும் ஜெலட்டின் பூச்சு உண்டு பாய்.”

“பூச்சு இல்ல சார், பச்சைத் தோலு. ஆடும் இல்ல, மாடும் இல்ல. ஊறிப்போய் மசுரு கழண்டுக்கினு கீது.” கட்டைவிரலை நீட்டினார். ஈரத்தில் குட்டையான கறுப்பு மயிர்கள் ஒட்டியிருந்தன. “முகத்துப் பக்கம் பரவால்ல. இந்த ஓரத்துலதான் எலும்பு தட்டுது. ஒண்ணு, ரெண்டு, மூணு...” ஐந்தோடு நிறுத்தி, விரலைத் துண்டில் துடைத்தார். “யாரு இது?”

“ஒரு மாடல்.”

“பேரு கெடையாதா?”

கோதண்டபாணி கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஊர்ல காட்டாதீங்க. இது இன்னும் ஊறி முடியல,” என்றார் மக்பூல் அகமது. தடியைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

கோதண்டபாணி குனிந்து பார்த்தார். பென்சிலால் நிரவின மூலை கொப்புளம் போல உப்பியிருந்தது. ஒன்றல்ல. ஐந்து. பேனாக்கத்தியை எடுத்துச் சுரண்டினார். சுரண்டின இடத்தில் நகம் தெரிந்தது. படத்தைக் கழற்ற இழுத்தார். ஆணியில் தொங்கின அட்டை சுவரோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்த பக்கம் சூடாக இருந்தது.

களக். களக்.

தெருவில் பேண்டு வாத்தியம். படியில் செருப்புகள். சுற்றிலும் பார்த்தார். மூடத் துணியில்லை. மேஜையில்லை. திரையில்லை. முதுகு இருந்தது.

படத்தோடு படமாக முதுகை ஒட்டி நின்றுகொண்டார். கதவு திறந்தது. தலைமை தாங்க வந்த ரிடையர்டு முன்சீப் முன்னே, நாற்பது கனவான்கள் பின்னே. “தம்முடைய சிறந்த படத்தைத் தாமே மறைத்துக்கொண்டு நிற்கிறார் பாருங்கள், என்ன அடக்கம்,” என்று முன்சீப் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. கோதண்டபாணி புன்னகை செய்தார்.

வாசகசாலைக் காரியதரிசி அவருக்குப் பூமாலை போட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரவேற்புப் பத்திரத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார்.

பிடரியில் ஏதோ விரிந்தது. ஈரம். முதலில் குளிர்ச்சி. பிறகு சுண்ணாம்பின் எரிச்சல், தோலுக்குள் இறங்கி இறங்கி. விலகினால் எல்லோரும் பார்ப்பார்கள். விலகவில்லை. ஒரு விரல் சட்டைக் காலருக்குள் நுழைந்தது. இரண்டாவது காதுக்குப் பின்னால். பிடரி மயிர் கொத்தாகக் கழன்று முதுகில் வழிவது தெரிந்தது. வலிக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. கத்த வாய் திறந்தால் புன்னகை போய்விடும். ஐந்து விரலும் வந்து சேர்ந்தன. தொண்டைக்குழிக்குக் கீழே, வெள்ளைவெளேரென்று, நகக்கண்ணில் சுண்ணாம்போடு, கோத்துப் பிடித்தன. முன்வரிசை அதைப் பூமாலையின் நுனி என்று நினைத்தது.

வரவேற்புப் பத்திரம் பதினொரு பக்கம். அதை எழுதியவர் கோதண்டபாணிதான்.