இடப்பக்கம் சாய்ந்த கார்

இரண்டு இருக்கைகளுக்கும் நடுவிலிருந்த மேட்டில் வைத்த டம்ளரில், தேநீர் இடப்பக்கம் ஏறி நின்றது. வசந்தாமணி டம்ளரைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். அப்போதும் அது இடது விளிம்பைத்தான் தொட்டது.

"ஏனுங்க, வண்டி சாஞ்சிருக்குதுங்க."

"தரை சரியில்ல புள்ள," என்றான் அர்த்தநாரி, காரின் அடியில் மல்லாந்து கிடந்தபடி.

தரை சரியாகத்தான் இருந்தது. லாரி நிறுத்துவதற்காக அவனே ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, மட்டம் பார்த்துப் போட்ட சிமெண்டுத் தரை அது. லாரிகள் இரண்டும் வடக்கே போய்விட்டதால் கொட்டகையில் இப்போது அந்தக் கார் மட்டுமே நின்றது. கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சீமைக் கார். ஏற்காட்டு டாக்டர் ஒருவர் வைத்திருந்ததாம். மலைப்பாதையில் உருண்டு, கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு பட்டறைக்குப் பின்னால் வருஷக்கணக்கில் முட்செடிக்குள் கிடந்தது. அர்த்தநாரி அதை லாரியில் ஏற்றி நாமக்கல் பக்கத்து வேலூருக்குக் கொண்டுவந்தான். நசுங்கிய தகட்டை அடித்து நிமிர்த்தி, டீசல் இன்ஜின் பொருத்தி, சிவப்பு பெயிண்ட் அடித்தான். வருகிற வெள்ளிக்கிழமை நாமக்கல் கோயிலுக்கு அதில்தான் போக வேண்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இடப்பக்கம், அவள்.

ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்க ஸ்பிரிங்கில் ஒரு இரும்புப் பட்டை கூட்டு என்பதுதான் லாரிக்காரர்களின் வழி. அர்த்தநாரி இடப்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்தான். கார் நிமிர்ந்தது. காலையில் மறுபடி சாய்ந்திருந்தது. இன்னொரு பட்டை சேர்த்தான்.

"யாராச்சும் ராத்திரி ஏறி உக்காந்துக்கறீங்களா?" என்று சிரித்தான். "உன்ற வேலையா புள்ள? இப்பவே பழகிப் பாக்கறியா?"

அவளும் சிரித்தாள்.

வெல்டிங் வேலைக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து சென்றாயன் வந்திருந்தார். புது ரெக்சின் போட்டுத் தைத்த இடப்பக்க இருக்கையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தச் சீட்டையுமா கொண்டாந்துட்டீங்க?"

"பின்ன, இதுக்குன்னு சீமைக்கா போறது?" என்று சொல்லிவிட்டு அர்த்தநாரி கேஸ் சிலிண்டரை உருட்டி வரப் போனான்.

சென்றாயன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உசுரு போன வண்டிய எடுத்தாந்தா, அவங்க உக்காந்திருந்த சீட்ட மட்டும் அடிவாரத்துலயே உட்டுட்டு வாரதுங்க அம்மிணி. எந்த லாரியா இருந்தாலும் அப்படித்தான்."

"யாரு உக்காந்திருந்தாங்க?"

"டாக்டரு சம்சாரமுங்க. அவரு பொழச்சுட்டாரு. அந்தம்மா உக்காந்தபடியே போயிட்டாங்க." சென்றாயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மடியில கைக்கொழந்த இருந்துச்சாமா. அதைத்தான் கடைசி வரைக்கும் காங்கல."

புதன்கிழமை மத்தியானம் வீட்டில் யாருமில்லை. கொட்டகையின் உள்கொடியில் காய்ந்த தூளித் துணிகளை எடுக்க, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வசந்தாமணி உள்ளே போனாள். வெயிலில் தகரக்கூரை படபடவென்று விரிந்துகொண்டிருந்தது, தோப்பில் வாழைச்சருகுகள் ஒன்றோடொன்று உரசின, எங்கோ பம்புசெட் ஓடியது, தின்னரும் கிரீசும் கலந்து மூக்கில் ஏறிய நெடிக்கு அடியில் இன்னொரு வாடை மெல்ல மெல்லத் தெரிந்தது. புளித்த பால். அவள் குனிந்து தன் ரவிக்கையை முகர்ந்தாள். இல்லை. குழந்தையின் வாயை முகர்ந்தாள். இல்லை.

பம்புசெட் நின்றது.

அப்போதுதான் மற்றது கேட்டது. கிறீச். சற்று விட்டு, கிறீச். அவசரமில்லாத சத்தம். மடியில் ஒன்றைப் போட்டு ஆட்டுகிற சத்தம்.

இடப்பக்க இருக்கையின் ரெக்சின் நடுவில் குழிந்திருந்தது. அவள் கை வைத்தாள். சூடு. வெயிலில் ரெக்சின் சூடாகும் என்று நினைத்தாள். வலப்பக்க இருக்கையைத் தொட்டாள்.

குளிர்ந்திருந்தது.

இடுப்பிலிருந்த குழந்தை இரண்டு கைகளையும் நீட்டியது. தூக்கச் சொல்லி. அவளிடம் அல்ல.

அன்று பொழுது சாயும்போது அர்த்தநாரி செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். "நான் அதுல உக்கார மாட்டனுங்க. பாப்பாவையும் தர மாட்டேன்."

"பி.எஸ்சி. படிச்சவ பேசற பேச்சா இது?"

"படிச்சதாலதான் சொல்றேன். பட்டை மேல பட்டை போட்டும் எறங்குதுன்னா மேல எடை இருக்குதுன்னுதானுங்க அர்த்தம்."

அவன் சிரிக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சரி, அழுவாத. நாளைக்குக் கழட்டிப் போடறேன். பழைய கிளீனர் சீட்டு ஒண்ணு கெடக்குது, அதை மாட்டிக்கலாம்."

அந்த ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. அரிக்கேன் விளக்கை ஒரு கையிலும் டீ டம்ளரை மறு கையிலும் எடுத்துக்கொண்டு அவள் கொட்டகைக்குப் போனாள். இடப்பக்கத்தில் லாரி கிளீனரின் பச்சை இருக்கை, பொருத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. நடுமேட்டில் டம்ளரை வைத்துவிட்டு, டீ அடங்கும்வரை காத்திருந்தாள். சுற்றிலும் ஒரே மட்டம். புளித்த வாடையும் இல்லை. பெயிண்டும் கிரீசும் மட்டுமே. அவளுக்கு அழுகை வந்தது.

"இப்ப சந்தோசமா?" என்றான் அர்த்தநாரி, வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே. "நீ சொன்னது சரிதான் போல. போட்ட பட்டையெல்லாம் கழட்டிட்டேன். வண்டி நூல் புடிச்சாப்ல நிக்குது."

"அந்தச் சீட்டை என்ன பண்ணுனீங்க?"

"எரிச்சாச்சு. ரெக்சின், நாரு, எல்லாம். சட்டத்தை ஆத்துல உட்டுட்டேன்." கையை உதறினான். "அடியில குறுக்க மாட்டியிருந்த ஸ்பிரிங்குகளை மட்டும் கழட்டி வெச்சுக்கிட்டேன். சீமை இரும்பு புள்ள, இத்தனை வருசத்துல துரு ஏறுல. அதைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்?"

அவள் டம்ளரை எடுக்கக் கை நீட்டினாள்.

"தூளிக்கு ஸ்பிரிங் வேணும், கை வலிக்குதுன்னு ஒரு மாசமா கேட்டுட்டிருந்தியே. நீ டீ போடறதுக்குள்ள ரெண்டைக் கோத்து விட்டத்துல மாட்டிட்டேன். பாப்பாவப் போட்டவுடனே தூங்கிருச்சு. ஆட்டக்கூட வேண்டியதில்ல."

வீட்டிலிருந்து சத்தம் வந்தது.

கிறீச்.

டம்ளர் கவிழ்ந்தது. விளக்கோடு ஓடினாள். முற்றம். படி. உள்அறை. வாசலிலேயே வாடை வந்து முகத்தில் மோதியது.

குழந்தைக்கு ஆறு கிலோ. அந்த எடைக்கு ஸ்பிரிங் விரலளவு இறங்கலாம். இரண்டு விரலளவு.

விட்டத்திலிருந்து ஸ்பிரிங் கை நீளத்துக்கு இழுபட்டு, சுருள்கள் பிரிந்து, விளக்கொளியில் நடுங்கிக்கொண்டிருந்தது. இடுப்புயரத்தில் தொங்க வேண்டிய தூளி தரையில் உரசியது. சேலைத் துணி இருபுறமும் புடைத்திருந்தது. ஒரு பக்கம் முழங்கால் மடங்கினாற்போல. மறுபக்கம் தோள்.

கிறீச்.

குழந்தை அழவில்லை. துணிக்குள் இருட்டில் பசியாறிக்கொண்டிருந்தது. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம், நடுவே ஒரு சின்னப் பெருமூச்சு, மறுபடி அந்த மடக் மடக்.