கரிசல் நிலவில் நான்காவது இறக்கம்

பதிவு மேசைக்கு முன்னால் கிளாட்வின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். தூத்துக்குடி அணியின் சட்டை மஞ்சள். அந்த அணிக்குத் தலைவன் அவன்தான். குறைந்தபட்சம் முந்தைய நாள் மாலை வரை அவன்தான்.

"என்னல இது?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"இந்த மதுரை டீம்ல கூப்டாங்க ஜெசி. நல்ல கம்ப்யூட்டர் வச்சிருக்காங்க. நேத்தே சொல்லணும்னுதான் நெனச்சேன்."

அவன் கக்கத்தில் ஒரு சுருள் கம்பி போட்ட தாள்கட்டு இருந்தது. அதன் மேல் தாளில் சிவப்பு மையில் வட்டங்கள், அம்புக்குறிகள், சாய்வான சின்னக் கையெழுத்து. ஜெசிந்தாவுக்கு அது யாருடைய கையெழுத்து என்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அவளுடையதுதான்.

'வான்கலம்' என்ற விண்வெளி விளையாட்டின் மாநிலப் போட்டி அது. ராக்கெட்டைக் கட்டி, நிலவுகளுக்கு அனுப்பி, அங்கே அளவுகள் எடுத்துச் சேர்க்கும் அறிவியல் புள்ளிகள்தான் வெற்றியைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு நிலவிலும் பள்ளம், மேடு, சமவெளி என்று பலவகை நிலங்கள் உண்டு. ஒரு நிலத்தை முதலில் அளக்கும் அணிக்கு முழுப் புள்ளி, பின்னால் வருகிறவர்களுக்குக் கால் பங்கு. அளவுகளை ரேடியோவில் அனுப்பினால் பாதிதான் கிடைக்கும். கலத்தோடு வீடு கொண்டுவந்து சேர்த்தால் முழுவதும் கிடைக்கும்.

பக்கத்து நிலவான சிப்பியை ஜெசிந்தா நான்கு மாதம் அலசியிருந்தாள். கல்லூரி விட்டு வந்ததும் கணினி முன் உட்கார்ந்து, பதினொரு வகை நிலங்களையும் அளந்து, எங்கே இறங்கினால் ஒரே நடையில் இரண்டு நிலங்களைத் தொடலாம் என்று ஒரு நோட்டு முழுக்க வரைந்து வைத்திருந்தாள். போன வாரம் கிளாட்வின் "ஒரு தடவ பாத்துட்டுத் தாரேன்" என்று அதை வாங்கிப் போனான். திருப்பியும் கொடுத்தான். வண்ண நகல் எடுத்துக்கொண்டு கொடுத்திருக்கிறான் என்பது இப்போதுதான் தெரிந்தது.

அவள் நேராக நடுவரிடம் போனாள். "சார், அவங்க கையில இருக்கிறது நான் போட்ட வரைபடம்."

நடுவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யார் எழுதின நோட்டுன்னு நாங்க எப்படிம்மா கண்டுபிடிக்கிறது? குறிப்பு கொண்டுவரக் கூடாதுன்னு விதி ஒண்ணும் இல்ல. போய் உக்காருங்க, நேரமாகுது."

ஜெசிந்தாவின் காது மடல்கள் சுட்டன. வெற்றி பெறும் அணிக்குப் பெங்களூரில் ஒரு செயற்கைக்கோள் நிறுவனத்தில் ஆறு வாரப் பயிற்சி. சின்னக் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் அவளுக்கு அந்த வாசல் வேறு எந்த வழியிலும் திறக்காது. அந்த ஆறு வாரத்துக்காகத்தான் நான்கு மாதமும் உழைத்தாள். அதை ஒருவன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறான்.

மஞ்சள் அணியில் மிச்சம் இருந்தது மூன்று பேர். ராக்கெட் கட்டுவதில் கெட்டிக்காரனான காயல்பட்டினத்து பீர் முகமது, கலத்தை ஓட்டும் இசக்கிராஜ், ஜெசிந்தா. காலை ஒன்பது மணிக்கு மணி அடித்தது. மாலை ஐந்துக்குள் முடிக்க வேண்டும். ஓர் அணிக்கு மூன்று ஏவுதல்கள் மட்டுமே.

"அவனுக்கு முன்னாடி சிப்பில போய் நிக்கணும். ஆளில்லாத கலத்த அனுப்பு. இப்பவே," என்றாள் ஜெசிந்தா.

"கால் மணி நேரம் கொடு. இறங்குற காலு இன்னும் சரியா மாட்டல," என்றான் பீர்.

"கால் மணி நேரத்துல அவன் ரெண்டு நிலத்த அளந்துருவான். ஏத்து."

ராக்கெட் ஏறியது. இசக்கிராஜ் நிதானமாகத்தான் ஓட்டினான். சிப்பிக்கு மேலே வந்ததும் ஜெசிந்தாவுக்கு அந்த நிதானம் பொறுக்கவில்லை. சுவரில் தொங்கிய பெரிய திரையில் நீல அணியின் கலம் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. "தள்ளு" என்று இசக்கியின் கையைத் தட்டிவிட்டு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெரும்பள்ளத்தின் விளிம்பை நோக்கிக் கலத்தைச் செங்குத்தாக விட்டாள். வேகம் குறையவில்லை. ஒரு கால் சரிவில் பட்டது, கலம் உருண்டது, கண்ணாடித் துண்டுகளைப் போலச் சூரியத் தகடுகள் சிதறின. திரையில் 'தொடர்பு இல்லை' என்று வந்தது.

இரண்டு மேசை தள்ளியிருந்து கிளாட்வின் எட்டிப் பார்த்தான். "பதினேழாம் பக்கத்துல நீயே எழுதிருக்கியே ஜெசி, அந்த விளிம்பு சரிவுன்னு. படிக்கலயா?"

நீல அணி சிரித்தது. ஜெசிந்தா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பீர் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தான். அவன் முகமும் சிவந்துதான் இருந்தது.

"அவன் மேல உள்ள கோவத்த எங்க மேல ஏன் காட்டுத? நான் காலு மாட்டலன்னு சொன்னேன். இசக்கி கைய நீ தட்டிவிட்ட. நாங்க ரெண்டு பேரும் இங்க வேடிக்க பாக்கவா வந்தோம்?"

"அவன் திருடிட்டுப் போறான்ல..."

"திருடிட்டான். தெரியும். எனக்கும் எரியத்தான் செய்யுது. அதுக்கு நம்ம கலத்த நாமளே பாறைல மோதணுமா?"

ஜெசிந்தா பற்களைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது.

இசக்கிராஜ்தான் வாயைத் திறந்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. "நோட்டத்தான கொண்டு போனான். உன் கண்ணையா கொண்டு போனான்? நோட்டுல இல்லாத இடத்துக்குப் போவோம்."

"கரிசலா?" என்றான் பீர்.

கரிசல் தொலைவில் இருக்கும் இரண்டாவது நிலவு. சின்னது, கறுப்பு. அங்கே போகிற நேரத்தில் சிப்பிக்கு இரண்டு முறை போய் வந்துவிடலாம் என்பதால் எந்த அணியும் அதைத் தொட்டதில்லை. ஆனால் தூரம் கூடக் கூட ஒரு நிலத்துக்கான புள்ளியும் கூடும். சிப்பியில் கிடைப்பதைப்போல மூன்று மடங்கு கரிசலில் உண்டு.

"ஒரு தடவ இறங்கி ஏறுனா எரிபொருள் தீந்துரும். ஒரு நிலம்தான் கெடைக்கும். அது போதாது," என்றாள் ஜெசிந்தா.

பீர் தாளை இழுத்துப் படம் போட்டான். "ரெண்டு ஏவுதல் இருக்குல்லா? முதல்ல ஆய்வுக்கூடத்தையும் பெரிய எரிபொருள் தொட்டியையும் சேத்து ஒரு தாய்க்கலம். அது கீழ எறங்காது, கரிசலச் சுத்திக்கிட்டே இருக்கும். ரெண்டாவது ஏவுதல்ல சின்னதா ஒரு குட்டிக்கலம், உள்ள ஒரு ஆளு. குட்டி எறங்கி, அளந்து, மேல வந்து தாய்கிட்ட எரிபொருள் ரொப்பிக்கிட்டு, அடுத்த நிலத்துக்கு எறங்கும். கருவிகள ஆய்வுக்கூடத்துல சுத்தம் பண்ணித் திரும்பத் திரும்பப் போடலாம்."

ஜெசிந்தா படத்தைக் கூர்ந்து பார்த்தாள். "போற வழியில உயரத்துல இருந்தும் அளக்கலாம். உயரச் சுற்றுக்குத் தனிப் புள்ளி, தாழ்ந்த சுற்றுக்குத் தனிப் புள்ளி. ஒண்ணையும் விடக் கூடாது."

"இந்தத் தடவ காலு மாட்டிட்டுத்தான் ஏத்துவேன்," என்றான் பீர்.

"மாட்டு."

இரண்டு ஏவுதல்களும் முடிந்து, இரண்டு கலங்களும் கரிசலின் மேல் ஒன்றோடொன்று இணைந்தபோது மணி ஒன்றரை. விளையாட்டுக்குள் பயண நேரத்தை முடிந்தவரை வேகமாக ஓட்டியும் அவ்வளவு நேரம் ஆகிவிட்டது. சுவர்த் திரையில் மஞ்சள் அணிக்கு நேராகப் பூஜ்யம். நீல அணி மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. கிளாட்வின் அளவுகளை உடனுக்குடன் ரேடியோவில் அனுப்பிக்கொண்டிருந்தான். பாதிப் புள்ளிதான் என்றாலும் பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது.

அவன் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு இந்தப் பக்கம் வந்தான். "கரிசலுக்கா போயிருக்கீங்க? வரைபடம்?"

"போட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள் ஜெசிந்தா, தலையைத் தூக்காமல். "நகல் வேணும்னா அஞ்சு மணிக்கு மேல வா."

தாய்க்கலம் கரிசலைச் சுற்றிச் சுற்றி வர, அவள் நிழல்களின் நீளத்தை வைத்து மேடு பள்ளங்களைக் கணக்கிட்டுப் புது நோட்டில் வரைந்தாள். பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில் ஓடியது. கோபம் அடங்கவே இல்லை. ஆனால் இப்போது விசைப்பலகை இசக்கிராஜிடம் இருந்தது. அவள் இடத்தைச் சொன்னாள், அவன் இறக்கினான்.

முதல் இறக்கம் சமவெளியில். குட்டிக்கலத்திலிருந்து விண்வீராங்கனை இறங்கி மண் எடுத்தாள், வெப்பம் அளந்தாள், நில அதிர்வுக் கருவியை ஊன்றிப் பார்த்தாள். அந்தச் சின்ன உருவத்துக்கு இசக்கி செவ்வந்தி என்று பெயர் வைத்திருந்தான். இரண்டாவது இறக்கம் மலை முகட்டில். மூன்றாவது வடதுருவத்துப் பனிக்கட்டிமேல். ஒவ்வொரு முறையும் பதிவுகள் மேலே போய்த் தாய்க்கலத்தில் பத்திரமாயின. மணி மூன்றரை.

"இப்ப கிளம்புனா நிம்மதியா வீடு சேரலாம்," என்றான் இசக்கிராஜ்.

ஜெசிந்தா கூட்டிப் பார்த்தாள். மூன்று நிலங்களும் உயர அளவுகளும் சேர்ந்து ஐயாயிரத்து நூற்று நாற்பது. நீல அணி ஐயாயிரத்து முந்நூறில் நின்றது. சிப்பியின் பதினொரு நிலமும் தீர்ந்து, கலமும் வீடு திரும்பி மீதிப் பாதியையும் சேர்த்துவிட்டதால் அவர்களுக்கு இனி கிடைக்க ஒன்றுமில்லை. நூற்று அறுபது புள்ளிகள் குறைந்தன.

"இன்னும் ஒண்ணு வேணும். இந்தப் பிளவு," என்று வரைபடத்தைத் தொட்டாள். "ஆழமானது. அடியில வெளிச்சம் இல்ல. நாலு மணிக்குள்ள மேல வரணும். முடியுமா இசக்கி? முடியாதுன்னா சொல்லு, வேற பாப்போம்."

அவன் விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தான். "எறக்கிருவேன்."

பிளவின் இரண்டு சுவர்களுக்கும் நடுவே குட்டிக்கலம் விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல இறங்கியது. ஐம்பது மீட்டர், முப்பது, பத்து. தரையைத் தொட்டதும் இருட்டில் மறைந்திருந்த ஒரு பாறைமுனை அடித்தொட்டியைக் குத்தியது. கலம் சாயவில்லை. ஆனால் எரிபொருள் அளவு கிடுகிடுவென்று இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது.

ஜெசிந்தா மேசையை ஓங்கி ஒரு குத்து குத்தினாள். விரல் முட்டியில் தோல் உரிந்தது.

"நான்தான் சரியாப் பாக்கல," என்றான் இசக்கிராஜ்.

"அந்தப் பாறை வரைபடத்துல இல்ல. நிழலுக்குள்ள இருந்தத யாரு பாக்க முடியும்? விடு," என்றாள் அவள். பிறகு பீர் பக்கம் திரும்பினாள். "செவ்வந்தி முதுகுல இருக்கிற பறக்கும் பையில எவ்வளவு இருக்கு?"

"முழுசா இருக்கு. ஆனா அது கலத்தச் சுத்தி மிதக்கத்தான்..." பீர் பாதியில் நிறுத்தினான். "கரிசல் சின்னது. இழுவிசை கம்மி. ஏய், ஒருவேள முடியும்."

செவ்வந்தி அளவுகளையெல்லாம் எடுத்தாள், மண்ணைப் பையில் போட்டாள், கலத்திலிருந்த பதிவுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். தாய்க்கலம் பிளவுக்கு மேலே வரும் நேரத்தை ஜெசிந்தா தன் வரைபடத்திலிருந்து கணக்கிட்டாள். ஒரு நிமிடம் பிந்தினாலும் அது கடந்து போய்விடும், அடுத்த சுற்றுவரை காத்திருந்தால் வீடு சேர ஐந்து மணி தாண்டிவிடும்.

"கெழக்கு பாத்து நாப்பது டிகிரி சாய்ச்சு வை. நான் சொன்ன உடனே கிளப்பு," என்றாள். திரையின் ஓரத்தில் ஓடிய கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள். "மூணு, ரெண்டு, ஒண்ணு. போ."

கலம் இல்லாமல், முதுகுப் பையின் சீற்றத்தை மட்டும் நம்பி ஒரு சின்ன வெள்ளை உருவம் கறுப்புச் சுவர்களுக்கு நடுவிலிருந்து கிளம்பியது. விளிம்பைத் தாண்டி வெயிலுக்குள் வந்தது. பீர் எரிபொருளை வாசித்துக்கொண்டே இருந்தான். "அறுபது. நாப்பத்தஞ்சு. கொறச்சுப் புடி இசக்கி. முப்பது."

"கொறைக்காத, வேகம் பத்தாது," என்றாள் ஜெசிந்தா. "இன்னும் எட்டு நொடி. சரி, இப்ப நிறுத்து."

தாய்க்கலம் பின்னாலிருந்து வந்தது. பக்கத்துக் கணினிகளில் இருந்தவர்கள் எழுந்து வந்து இவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். நூறு மீட்டர் தூரம், அறுபது மீட்டர். நாற்பதில் பை வற்றிவிட்டது. செவ்வந்தி வந்த வேகத்திலேயே, மெதுவாகச் சுழன்றபடி மிதந்தாள். இசக்கிராஜ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். செய்வதற்கு ஒன்றும் இல்லை. பதினைந்து. எட்டு. ஏணியின் கடைசிப் படி அவள் கையருகே வந்தபோது அவன் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

யாரோ கைதட்டினார்கள். ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை. "உள்ள ஏத்து. எஞ்சினப் போடு. மணி நாலு அஞ்சு," என்றாள்.

நாலு நாற்பத்தெட்டுக்குத் தாய்க்கலத்திலிருந்து பிரிந்த மூக்குப் பகுதி மட்டும் செவ்வந்தியோடும் பதிவுகளோடும் வளிமண்டலத்தில் நெருப்பாகப் பாய்ந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு மூன்று பாராசூட்டுகளும் விரிய, அது கடலில் இறங்கியது. சுவர்த் திரையில் அன்று முழுக்கப் பூஜ்யமாக இருந்த மஞ்சள் அணியின் எண் ஒரே தாவலில் ஆறாயிரத்து அறுநூற்று நாற்பது ஆனது. இசக்கிராஜ் நாற்காலியிலிருந்து சரிந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பீர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

மேடையில் ஜெசிந்தாவிடம் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு நடுவர் கேட்டார்: "எல்லாரும் சிப்பிக்குப் போகும்போது கரிசலுக்குப் போகணும்னு எப்படிம்மா தோணுச்சு?"

"வேற வழி இல்ல சார். சிப்பிக்கு நான் நாலு மாசமா போட்ட வரைபடம் ரெண்டாவதா வந்த டீம் கையில இருக்கு. காலைல உங்ககிட்ட சொன்னேன். போய் உக்காருன்னு சொன்னீங்க."

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீல அணியின் மற்ற மூவரும் கிளாட்வினைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களிடம் அவன் அது தன் வரைபடம் என்றுதான் சொல்லியிருந்தான் போலும். அவன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே டீக்கடையில் பீர் மூன்று டீ சொன்னான். ஜெசிந்தாவின் கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது.

"இப்பவாவது கோவம் போச்சா?" என்று கேட்டான்.

"இல்ல. நாளைக்கும் இருக்கும்." ஒரு வாய் குடித்தாள். "அவன் மேல உள்ளது போகாது. ஆனா காலைல இசக்கி கையத் தட்டிவிட்டது தப்பு. இசக்கி, இன்னொரு தடவ நான் அப்படிப் புடுங்குனா நீ விடாத."

"விடலைன்னா அடிப்பியே," என்றான் இசக்கிராஜ்.

"அடிப்பேன். அப்பவும் விடாத."