நான்காம் பெட்டி சொன்ன பதில்

ஒருவன் உயிரோடு இருக்கிறானா என்று சரிபார்க்கத் தலைக்கு இருநூற்றெண்பது ரூபாய் ஆகும் என்றாள் ஜெனிஃபா. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவரைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு, மேனேஜர் ஜெபராஜ் அதைப் பூஜ்யமாக்கினார்.

ஆம்பூரில் தோல் பதனிடும் அந்த டேனரியின் கழிவுத்தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் இடுப்பில் ஆளுக்கொரு பெட்டி கட்டுவார்கள். விஷவாயு ஏறினால் கம்பியில்லாமலே ஜெனிஃபாவின் கண்காணிப்பு அறைக்குச் சேதி வரும், மணி அடிக்கும். பேசுவது நம் பெட்டிதானா என்று தெரிய, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கேள்வி போக வேண்டும். தனக்கென்று கொடுத்த ரகசிய எண்ணை வைத்துப் பெட்டி பதிலைக் கணக்கிட வேண்டும். பாட்டரியைத் தின்னாத சின்ன வேலை. அதற்குத்தான் அந்தக் காசு.

"யாருன்னா நான்தான்றான், கதவைத் தொறக்குறோம். அது போதும்மா," என்றார் ஜெபராஜ்.

போதவில்லை. இரண்டாயிரத்தேழு ஆடியில், அடைப்பெடுக்க இறங்கிய சின்னசாமி நான்காம் பெட்டியோடு தொட்டிக்குள் விழுந்து கிடந்தபோது, அதே கடையில் வாங்கிய பக்கத்து டேனரியின் நான்காம் பெட்டி, 'நாலு, காற்று சுத்தம்' என்று அவள் திரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. மணி அடிக்கவில்லை. உடல் மாலையில் கிடைத்தது. பெட்டி கிடைக்கவேயில்லை.

அதற்குப் பிறகு ஜெனிஃபா கைக்காசு போட்டுக் கேள்வி பதிலை ஏற்றினாள். வீம்புக்கு நாலுக்கும் ஓர் எண் வைத்தாள். எந்தப் பெட்டிக்கும் போகாத, அவள் கணினியில் மட்டும் இருந்த எண். சின்னசாமி செத்த நாளின் பதிவேட்டில் நாலுக்கு நேரே 'உள்ளே போனவர்: ஒருவர்' என்றிருந்தது. 'வெளியே வந்தவர்' காலி. பிணத்தை வந்தவராக எழுத அவளுக்குக் கை வரவில்லை. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருமுன் அந்த வரியை அடித்துவிடச் சொன்னார் ஜெபராஜ். அடித்தால் சின்னசாமி அன்று வேலைக்கே வரவில்லை; அவன் மனைவி கண்ணம்மாளுக்கு நஷ்டஈடு ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், ஆட்கள் தொழுகைக்குப் போய், தோல் சுழற்றும் டிரம்கள் நின்ற பிறகு, சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க, எங்கோ ஒரு குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டி மூடி பூட்டியிருந்தது. மீதி ஐந்து பெட்டிகளும் அவள் எதிரே ஆணிகளில் தொங்கின. நான்காம் ஆணி காலி.

திரையில் 'நாலு' என்று வந்தது.

பக்கத்து டேனரிக்காரனாக இருக்கும் என்று நினைத்தாள். கேள்வி போனது. பதில் வந்தது. சரியான பதில்.

மறுபடி கேட்டாள். சரி. மூன்றாவது முறை பதில் வரத் தாமதமானது, விரல்விட்டு எண்ணுகிற ஆளைப்போல. அதுவும் சரி.

அன்று அடிக்காத மணி இப்போது அடித்தது. ஜெபராஜ் ஓடிவந்து, திரையைப் பார்த்து, கதவைத் தாழிட்டார். அறைக்குள் தொட்டி விஷவாயுவின் அழுகிய முட்டை வாடை.

"பேஜார் புடிச்ச வேலை. அந்த வரியை அடிச்சுடும்மா."

"மூணு வாட்டி கேட்டுட்டேன் சார். நம்ம ஆளுதான். நான் அடிக்கமாட்டேன், நீங்க அடிங்க."

பேனாவை நீட்டினாள். நீட்டிய கை இறங்கவில்லை. அவர் வாங்கவில்லை.

கதவு தட்டப்பட்டது.

பழக்கதோஷம். "யாரு?" என்றுவிட்டார் ஜெபராஜ்.

"நான்தான்."

கதவிடுக்கில் கருஞ்சேறு கசிந்தது. தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. ஜெனிஃபா பதிவேட்டை இழுத்து, நாலுக்கு நேரே காலியாகக் கிடந்த கட்டத்தில் எழுதினாள்.

வெளியே வந்தவர்: ஒருவர்.