சிக்னல் பல்பின் சூடு

"இது நான் வாங்கின பல்ப் இல்லை!"

கார்க் கொட்டிலிலிருந்து தேவராஜா போட்ட சத்தத்தில், அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த மனைவி பியாட்றிஸின் கை நின்றுவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ என்று அவள் பயந்துகொண்டிருந்த காலை விடிந்தேவிட்டது.

வட்டுக்கோட்டையில் வேதக்காரர் வீட்டுக் கலியாணமென்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் தேவாலயத்துக்குப் போவது தேவராஜாவின் மொறிஸ் மைனரில்தான். மண்ணெண்ணெயில் மூச்சிரைக்க ஓடினாலும், லைற்றெல்லாம் எரிந்தால்தான் காரை வெளியே எடுப்பான். இரண்டு மாதமாய்க் கொட்டிலில் கிடந்த காருக்கு அன்றுதான் கலியாண ஓட்டம். சுவிட்சைத் தட்டினான். முன்பக்கத்துச் சிக்னல் இரண்டும் மினுங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் உள்ளே கருகிப்போன பழைய பல்புகள்!

சண்டையால் கொழும்பிலிருந்து சாமான் வருவதே நின்றுபோயிருந்த காலம். எங்கெங்கோ அலைந்துதான் அந்தப் பல்புகளை வாங்கியிருந்தான். ஆனால் அவற்றை அமத்தித் திருப்பிப் பூட்ட அவனுடைய தடித்த விரல்கள் உதவாது. கலியாணமான நாளிலிருந்து அது பியாட்றிஸின் வேலை. ஆகவே கள்ளரை வெளியே தேடவேண்டியிருக்கவில்லை.

"உன்ரை கையைத் தவிர வேறை ஆற்றை கை உதுக்குள்ளை போகும்? எங்கை பல்ப்?"

'நீர்', 'உமக்கு' என்று மரியாதையாகவே கதைக்கிற மனுசன்... இன்று 'உன்ரை' என்றான்.

"எங்கை போயிருக்கும்? பருத்தித்துறைக்குத்தான்!" என்று மாமியார் எஸ்தரம்மா முற்றத்துக்கு வந்தாள். "தாய் வீட்டுக்குக் கடத்தாட்டில் இவளுக்குச் சோறு இறங்குமே?"

"மாமி... ஆண்டவராணை எங்கடை வீட்டுக்கு நான் ஒண்டும் குடுக்கேல்லை."

"அப்ப ஆருக்குக் குடுத்தனீ? வாயைத் திறவன்!"

எப்படித் திறப்பாள்? அந்தப் பதிலில் சீலாவின் பெயர் இருந்ததே!

சீலா எஸ்தரம்மாவின் ஒரே மகள். மருதனார்மடத்துச் சைவக்காரன் நமசிவாயத்தைக் கட்டிக்கொண்டு போனவள். "அவளின்ரை பேரை இந்த வீட்டிலை எடுக்கிற அண்டைக்கு என்ரை பிரேதத்தைத் தூக்குங்கோ" என்று வேதப் புத்தகத்தில் கைவைத்துச் சொல்லிவிட்டாள் தாய். அன்றிலிருந்து சாப்பாட்டு ஜெபத்தில்கூட அந்தப் பெயர் வருவதில்லை.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு, மருதனார்மடம் சந்தையில் வெங்காயக் கடகத்துக்குப் பக்கத்தில் நமசிவாயம் குந்தியிருந்து அழுததைப் பியாட்றிஸ் கண்டாள்.

"பிள்ளை மாதம் முந்திப் பிறந்திட்டுது, அக்கா. சூடாய் வைச்சிருக்க வேணும் எண்டு மருத்துவிச்சி சொல்லுறா. சுடுதண்ணிப் போத்தில் ஆறி ஆறிப் போகுது. ஊரிலை கரண்டும் இல்லை... நான் என்ன செய்ய?"

எரிந்து சூடு ஆறாத பல்பைக் கழற்றும்போது எத்தனை தடவை விரல் சுட்டிருக்கிறாள்! அந்தச் சூடு அப்போது நினைவுக்கு வந்தது.

முதலில் ஹெட்லைற் பல்பைத்தான் நமசிவாயம் வீட்டுக்குக் கொண்டுபோனாள். பிள்ளைக்கு அவன் அடித்த பெட்டி கொதித்தது, அவனுடைய பற்றறியும் சீக்கிரம் படுத்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவந்து பூட்டிவிட்டுச் சிக்னல் பல்புகளைக் கழற்றினாள். அவை பதமாய் எரிந்தன. தோட்டம் இறைக்கிற மிசினில் நமசிவாயம் பற்றறியைச் சார்ஜ் பண்ணினான். பலகைப் பெட்டி, ஓட்டை போட்ட தகரத் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் பல்புகள், இந்தப் பக்கம் பஞ்சு மெத்தை, அதன்மேல் கையளவு உயிர்.

அந்த மெல்லிய வெளிச்சத்தில் பிள்ளையின் காது சிவப்பாய்த் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் தானும் அந்தச் சூட்டுக்குள் கிடப்பது போலவும், வெளியே உலகம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது போலவும் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ... சீலா கையைப் பிடித்ததும்தான் விழித்துக்கொண்டாள்.

"வீட்டிலை சொல்லிப் போடாதேங்கோ, மச்சாள். பிள்ளை தப்பினால் நானே கொண்டுவந்து காட்டுவன். தப்பாட்டில்... அம்மாவுக்குத் தெரியவே வேண்டாம்."

"ஓம்" என்றிருந்தாள் பியாட்றிஸ். அந்த ஒரு சொல்லுக்காக இப்போது வாய்மூடி நின்றாள்.

"சொல்லமாட்டாய் எண்டால் கொம்மா வீட்டை போ!" என்றான் தேவராஜா.

அவள் கையைக் கழுவினாள். இரண்டு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

வெளியே நமசிவாயத்தின் சைக்கிள். பின்னாலிருந்து சீலா இறங்கினாள், மார்போடு ஒரு துணிப்பொட்டலத்துடன்.

"இண்டைக்குக் கலியாண ஓட்டம் எண்டு சந்தையிலை சொன்னனீங்கள், அக்கா. இனிப் பிள்ளைக்குப் பெட்டி தேவையில்லையாம்" என்று நமசிவாயம் பஞ்சு சுற்றிய இரண்டு பல்புகளை நீட்டினான்.

அவளுடைய கையில் இருந்த பையைச் சீலா கண்டாள். ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"அண்ணை! மச்சாளை எங்கை கலைக்கிறாய்? உன்ரை கார்ப் பல்பின்ரை சூட்டிலைதானே உன்ரை மருமோன் தப்பிக் கிடக்கிறான்! என்னாலைதான் அவ வாய் திறக்கேல்லை..."

தேவராஜா படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டான். எஸ்தரம்மாவின் கைகள் தாமாகவே நீண்டன. சீலா பிள்ளையை அந்தக் கைகளில் வைத்தாள்.

பழகாத கை! பிள்ளை வீரிட்டது. தட்டினாள், ஆட்டினாள், ஓராட்டுப் பாடினாள்... அழுகை நிற்கவில்லை.

பியாட்றிஸ் பையைக் கீழே வைத்தாள். கொட்டிலுக்குள் போய்ப் பல்புகளை அமத்தித் திருப்பிப் பூட்டினாள்.

"சுவிட்சைப் போடுங்கோ" என்றாள் கணவனிடம்.

கொட்டிலின் அரையிருட்டில் சிக்னல் மினுங்கியது. பிள்ளையின் அழுகை பாதியில் நின்றது. ஈரக் கண்கள் வெளிச்சத்தின் பக்கம் போய்த் தங்கின. தொட்டிலை அறியுமுன்னே அது அறிந்த வெளிச்சம்!

"என்ரை சீலா... என்ரை சீலா!" எடுக்கக்கூடாது என்று தானே தடுத்த பெயரைச் சொல்லிச் சொல்லி எஸ்தரம்மா அழுதாள். மருமகளின் சுட்ட விரல்களைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். "கள்ளி எண்டு நினைச்சனே, பிள்ளை... என்னை மன்னிச்சுக்கொள்ளம்மா!"

பியாட்றிஸ் மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்தாள். அதுவரை வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

"உமக்கு நான்..." என்று தொடங்கினான் தேவராஜா.

"நேரம் போகுது. பொம்பிளை வீட்டுக்காரர் பாத்துக்கொண்டிருப்பினம்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பொறடா தம்பி, நிப்பாட்டிப் போடாதை. இன்னும் கொஞ்சம் எரியட்டும்" என்றாள் எஸ்தரம்மா மகனிடம். "பிள்ளை பாக்கிறான்."

தேவராஜா லைற்றை நிறுத்தவில்லை. படலையடியில் கிடந்த பையைப் போய்த் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான்.