மெக்சிகோ போய்வந்த தூள்பேணி

1996 பெப்ரவரி 18, ஞாயிறு. காலை 11.10.

பாலேஸ்வரியின் தாலிக்கொடியைக் காணவில்லை.

பதினொரு பவுண். கன்கூன் கடற்கரையில் ஒரு கிழமை விடுமுறையைக் கழித்துவிட்டு, முதல் நாள் இரவுதான் அவளும் கணவன் தியாகலிங்கமும் கனடாவிலுள்ள தங்கள் அஜின்கோர்ட் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். மெக்சிகோவில் கழுத்தில் தங்கம் போட்டால் அறுத்துக்கொண்டு ஓடுவார்கள் என்று ஊரெல்லாம் சொன்னது. தாலியை வீட்டில் விட்டுவிட்டுக் கடல் கடக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு, கொடியைப் பொலித்தீன் பையில் சுற்றி, பழைய பால்மாத் தகரப் பேணியின் அடியில் வைத்து, மேலே கறித்தூளைப் போட்டு மூடி, கூடவே கொண்டு போனாள்.

இப்போது குசினியில் அந்தப் பேணியைத் திறந்தாள். விளிம்பு வரைக்கும் தூள் இருந்தது. அகப்பைக் காம்பை விட்டுத் துழாவினாள். பிறகு பத்திரிகைத் தாளை விரித்து முழுவதையும் கவிழ்த்துக் கொட்டினாள்.

தூளைத் தவிர வேறெதுவும் இல்லை.

பிற்பகல் 1.30.

ஷெப்பர்ட் வீதிப் பிளாசாவில் சிறிய பயண முகவர் நிலையம் ஒன்றை நடத்திவந்த மக்டலீனுக்கு ஏழாவது தொலைபேசி அழைப்பு வந்தது.

"தங்கச்சி, மெக்சிகோ சேஃபோ?"

"சேஃப் தான் அங்கிள்."

"பிறகேன் தியாகலிங்கத்தின்ரை மனிசியின்ரை தாலி போனது? ஹோட்டல் ரூம் துடைக்கிற பொம்பிளையாம் எடுத்தது. எங்கடை ரெண்டு பேரையும் வெட்டி விடுங்கோ."

மக்டலீன் பட்டியலில் இரண்டு பெயர்களை வெட்டினாள். மார்ச் விடுமுறைக்கு அவள் கன்கூனுக்கு அனுப்பவிருந்த குழுவில் காலையில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். இப்போது இருபத்தேழு. நாளை மாலை ஐந்து மணிக்குள் முப்பது பேரை உறுதிப்படுத்தாவிட்டால் விமான நிறுவனம் இடங்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு அவளிடம் ஒரு பஸ் ரிக்கெற் வாங்கக்கூட எந்தத் தமிழரும் வரமாட்டார். இரண்டு வருடமாக ஞாயிறு பாராமல் திறந்து வைத்திருந்த கடை.

அழவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

பிற்பகல் 3.00.

பாலேஸ்வரியின் வீடு. மக்டலீனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பாள். எதிரே இருப்பவர் பதில் சொல்லி முடித்த பிறகும் மூடிக்கொண்டுதான் இருப்பாள். அந்த மௌனம் தாங்காமல் மனிதர்கள் இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுவார்கள். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் அவள் காத்திருப்பாள்.

"ஹோட்டல் அறையிலை இரும்புப் பெட்டி இருந்ததே அக்கா. அதுக்கை வச்சிருக்கலாமே?"

"உது கள்ளனுக்கு வழி காட்டுற பெட்டி. தங்கம் இஞ்சை கிடக்கு எண்டு எழுதி ஒட்டின மாதிரி." பாலேஸ்வரி மூக்கைத் துடைத்தாள். மக்டலீன் பேசவில்லை. "ஆனால் அவள் பெரிய கெட்டிக்காரி, அந்த ரூம்காரி. திறந்து பாத்தால் ஆரும் தொட்டமாதிரியே இல்லை. நான் இஞ்சை நிரப்பி மூடினது எப்பிடியோ அப்பிடியே விளிம்பு மட்டும் கிடந்தது தூள்."

"பேணிக்குள்ளை தாலி இருந்தது ஆராருக்குத் தெரியும்?"

"ஒளிச்சுச் செய்யேல்லையே. போறதுக்கு முதல்நாள் எல்லாரும் இஞ்சைதான் சாப்பிட்டவை. அண்ணை, மச்சாள், கீழ் வீட்டுக் கஸ்பர். எல்லாருக்கும் முன்னாலைதான் போட்டு மூடினனான்."

கஸ்பர் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவன். வெக்ஸ்போர்டில் ஓர் உணவகத்தில் சமையல்காரன். மிளகாய் விளையிற நாட்டுக்குத் தூள் கொண்டுபோற சனம் நாங்கள் மட்டுந்தான் என்று அன்றைக்கு அவன் பகிடி விட்டானாம்.

சோபாவின் மூலையில் பாலேஸ்வரியின் அண்ணன் இராஜரட்ணம் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி தவமலர். வீட்டுக்குள் ஹீற்றர் இரைந்துகொண்டிருந்தது. இராஜரட்ணம் பனிக்கால ஜாக்கெற்றை நாடி வரைக்கும் சிப் இழுத்துப் பூட்டியிருந்தார்.

"இந்த வேர்வையிலை அதைக் கழட்டினால் என்ன?" என்றாள் தவமலர். "நேற்றிலையிருந்து தோலோடை ஒட்டினமாதிரிப் போட்டுக்கொண்டு திரியிறார்."

"எனக்குக் குளிருது," என்றார் அவர். பிறகு மக்டலீனைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னனான். மெக்சிகோ மனுசர் போற இடமில்லை. இவளும் மகள் லக்சிகாவும் மார்ச்சிலை போக நிக்கினம். அதை முதல் வெட்டுங்கோ."

மக்டலீன் பேசாமல் இருந்தாள். அவரும் பேசாமல் இருந்தார். அவளுக்குச் சரிநிகராக மௌனம் காக்கக்கூடிய ஒருவரை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

தியாகலிங்கம் தேநீர் கொண்டுவந்தார்.

"ஹோட்டல் சாப்பாடு எப்பிடி அண்ணை?"

"சாப்பாடு பயணக் காசுக்குள்ளை அடக்கம்தான். வாய்க்கு வைக்கேலாது. நல்ல காலம், ரூமிலை சின்ன அடுப்பொண்டு இருந்தது. சந்தையிலை மீன் வாங்கி ஐஞ்சு நாளும் நான்தான் குழம்பு வச்சனான். இவளுக்கு லீவு."

"அதொண்டுதான் அந்த நாட்டிலை நடந்த நல்ல காரியம்," என்றாள் பாலேஸ்வரி, அழுகைக்கு நடுவில்.

மக்டலீன் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"சனிக்கிழமை வந்து இறங்கினதிலையிருந்து சொல்லுங்கோ."

"எட்டே முக்காலுக்குப் பிளேன். இராஜரட்ணம் மச்சான் தன்ரை வான் வண்டியிலை ஏத்திக்கொண்டு வந்தவர். பத்து மணிக்கு வீடு. கஸ்பர் பெட்டியளைத் தூக்கிக் குசினிக்குள்ளை வச்சவன். தவமலர் சொதியைச் சூடாக்கினவ. இவள் குளிக்கப் போயிட்டாள். மச்சான் குசினியிலை நிண்டு பால் குடிச்சவர். ஆளாளுக்கு உள்ளையும் வெளியையும் திரிஞ்சதுதான்."

"அந்தத் தூள் எங்கை இப்ப?"

"நெடி தாங்கேலாமல் பேப்பரோடை சுருட்டிப் பின்பக்கம் வச்சனான்," என்றாள் பாலேஸ்வரி.

பிற்பகல் 3.40.

பின்வாசலில் பனி முழங்காலளவு கிடந்தது. மக்டலீன் குந்தியிருந்து பத்திரிகைத் தாளை விரித்தாள். மூன்று முறை தும்மினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெயிலில் மறுபடி பார்த்தாள். பிறகு தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"மெக்சிகோவிலை போகேல்லை அக்கா," என்றாள் உள்ளே வந்து, கோட்டைப் போட்டபடி. "நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு எல்லாரும் இஞ்சை இருக்கவேணும். கஸ்பரும்."

திங்கள். மாலை 4.00.

எல்லோரும் வந்திருந்தார்கள். இராஜரட்ணம் அதே மூலையில், அதே ஜாக்கெற்றோடு. கஸ்பர் வேலைக்குப் போகும் அவசரத்தில் நின்றபடியே இருந்தான்.

மக்டலீன் யன்னல் திரையை விலக்கிவிட்டு, மேசையில் பத்திரிகைத் தாளை விரித்தாள்.

"கஸ்பர், உது என்ன?"

அவன் குனிந்து பார்த்தான். முகம் சுளித்தது. "ஆர் இந்தப் பாவத்தைச் செய்தது? வறுத்து இடிச்ச கறித்தூளுக்கை தனி மிளகாய்த்தூள் கொட்டிக் கிடக்கு. இதிலை ஒரு கறி வச்சால் வாய் வெந்துபோம்."

"தவமலர் அக்கா?"

"ஓம். மண்ணிறச் சேலையிலை சிவப்புக் கரை போட்டமாதிரித் தெரியுதே. கோப்பி நிறமாய்க் கிடக்கிறது கறித்தூள். உந்தச் சிவப்பு வெறும் மிளகாய்."

பாலேஸ்வரி அப்போதுதான் எட்டிப் பார்த்தாள். "நான் தனித்தூள் கொண்டுபோகேல்லையே. அது எங்கடை குசினித் தட்டிலை இருக்கிற போத்தல்."

"இராஜரட்ணம் அண்ணை, உங்களுக்கு என்ன மாதிரித் தெரியுது?"

அவர் நெடுநேரம் பார்த்தார். "தூள்," என்றார். "தூள்தானே."

மக்டலீன் நாற்காலியை இழுத்து இருந்தாள்.

"ஐஞ்சு நாள் மீன் குழம்புக்குத் தூள் அள்ளின பேணி. பாதியாவது குறைஞ்சிருக்கவேணும். ஆனால் இஞ்சை திறக்கேக்கை விளிம்பு மட்டும் தூள் இருந்தது. அக்கா, நீங்கள் அதைத்தான் அந்த ரூம்காரியின்ரை கெட்டித்தனம் எண்டு சொன்னனீங்கள். மெக்சிகோவிலை எவ்வளவு மிளகாய் விளைஞ்சாலும் உங்கடை குசினித் தட்டிலை இருக்கிற போத்தல் அங்கை இல்லை. ரூம்காரி எடுத்திருந்தாலும் அவள் கண்டது பாதிப் பேணி; விளிம்பு மட்டும் நிரப்பத் தேவையில்லை. ஆகவே பேணியை நிரப்பினது இந்த வீட்டிலை. சனிக்கிழமை ராத்திரி."

ஹீற்றர் நின்றது, அடுப்பங்கரைக் கடிகாரத்தின் சத்தம் கேட்டது.

"எடுத்தவர் கையை விட்டுக் கிளறினதிலை தூள் சிந்தியிருக்கும். தாலி போன இடமும் பள்ளமாய்த் தெரியும். அதுதான் நிரப்பினவர். போகேக்கை எப்பிடி இருந்ததோ அப்பிடி. நடுவிலை சமைச்ச கதை அவருக்குத் தெரியாது. தியாகலிங்கம் அண்ணைக்குத் தெரியும்; அவர் எடுத்திருந்தால் பாதியிலை விட்டிருப்பார். தவமலர் அக்காவும் கஸ்பரும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினாலும் மணத்திலை சரியான போத்தலை எடுத்திருப்பினம். மிச்சம் இருக்கிறது, எல்லாத் தூளும் ஒண்டு எண்டு நினைக்கிற ஒராள். இண்டைக்கு வரைக்கும் அடுப்பிலை ஒரு கறி வைக்காத ஆள்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணை, ஜாக்கெற்றைக் கழட்டுங்கோ."

தவமலர் கணவனின் பக்கம் திரும்பினாள். இராஜரட்ணத்தின் கை சிப்பை மெல்லக் கீழே இழுத்தது. உட்பையிலிருந்து ஒரு பொலித்தீன் பை வந்தது. கறித்தூள் ஒட்டிய பைக்குள் தாலிக்கொடி.

"கீழை வைக்க மனம் வரேல்லை," என்றார். "தங்கச்சியின்ரை தாலி. நிலத்திலையும் மேசை லாச்சியிலையும் எப்பிடி வைக்கிறது?"

"நீங்களோ அண்ணை?" என்றாள் பாலேஸ்வரி. கோபம்கூட வரவில்லை, அவ்வளவு திகைப்பு. "என்னத்துக்கு?"

மக்டலீன் காத்திருந்தாள். அவர் காத்திருந்தார். இம்முறை அவள்தான் தோற்றாள்.

"போன மாசம் லக்சிகாவின்ரை பாஸ்போட் கொப்பி தர என்ரை ஒஃபிசுக்கு வந்தனீங்கள்," என்றாள். "எல்லாரும் தண்ணியைக் கேப்பினம், வெயிலைக் கேப்பினம். நீங்கள் ஒரு கேள்விதான் கேட்டனீங்கள். ரூம் கதவு எந்தப் பக்கத்தாலை பூட்டுறது எண்டு. உள்பக்கத்தாலை எண்டன். அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுவினம் எண்டிட்டுப் போயிட்டியள். போகாத ஊரைப்பற்றி ஒருத்தரும் அப்பிடிக் கேக்கமாட்டினம். எந்த வருசம் அண்ணை அங்கை இருந்தனீங்கள்?"

தவமலர், "இவர் ஜேர்மனியாலையல்லோ வந்தவர்," என்றாள்.

"எண்பத்தேழு," என்றார் இராஜரட்ணம். "ஏஜென்சிக்காரன் ஜேர்மனியிலையிருந்து மெக்சிகோவுக்குத்தான் ஏத்தினவன். அமெரிக்காவுக்குள்ளாலை கொண்டுவந்து இஞ்சை விடுறதாய்ச் சொன்னவன். பதினொரு பேர், ஒரு அறை. கதவுக்கு வெளியாலை பூட்டு. நாப்பத்துமூண்டு நாள். நவரட்ணம் எண்டு ஒரு பெடியன், புங்குடுதீவு. அவனுக்குக் காய்ச்சல். கதவைத் தட்டினம். கை வீங்குமட்டும் தட்டினம். மூண்டாம் நாள்தான் திறந்தாங்கள். அப்ப அவனுக்கு மருந்து தேவைப்படேல்லை."

ஜாக்கெற்றை மடியில் போட்டுத் தடவினார்.

"மெக்சிகோ எண்டு பிள்ளை சிரிச்சுக்கொண்டு சொல்லேக்கை எனக்கு அந்தக் கதவுதான் தெரியும். காரணம் சொல்லவும் முடியேல்லை. தாலி களவு போனது எண்டால் ஒருத்தரும் போகாயினம் எண்டு நினைச்சன். மார்ச் முடியத் திருப்பித் தாறதுதான் யோசினை."

தவமலர் எழுந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் கஸ்பர் நினைத்தான். அவள் கணவனுக்குப் பக்கத்தில் இன்னும் நெருங்கி இருந்தாள். "ஒன்பது வருசமாய் என்னட்டை ஜேர்மனிக் கதை சொல்லியிருக்கிறியள்," என்றாள். பிறகு, "நாங்கள் போகேல்லை. விடுங்கோ."

மாலை 4.25.

பாலேஸ்வரி கொடியைக் கழுவினாள். தியாகலிங்கம் சுவாமிப் படத்துக்கு முன்னால் அதை அவள் கழுத்தில் போட்டார். அவள் நேரே தொலைபேசியிடம் போனாள்.

"அங்கிள், தாலி கிடைச்சிட்டுது. ஓம். மெக்சிகோவிலை ஒருத்தரும் தொடேல்லை. இஞ்சைதான், எங்கடை வீட்டுக்குள்ளைதான் கிடந்தது. ஆரெண்டோ? ஒருத்தருமில்லை. வயசு போகுதல்லோ, வச்ச இடம் மறந்துபோச்சு. பேரைத் திரும்ப எழுதச் சொல்லட்டே?"

இராஜரட்ணம் தங்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அடுத்த எண்ணைச் சுழற்றினாள். அதற்கடுத்ததை.

4.45க்கு முப்பத்தெட்டுப் பெயர்களும் பட்டியலில் மறுபடி இருந்தன. தவமலரும் லக்சிகாவும் உட்பட. அவற்றை மக்டலீன் வெட்டவே இல்லை. அவள் பேனாவை மூடிவிட்டு இராஜரட்ணத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, நான் சும்மா வியாபாரத்துக்குச் சொல்லேல்லை. நீங்கள் இருந்த மெக்சிகோ சேஃப் இல்லை. உங்களை வச்சிருந்தவன்ரை கையிலை பூட்டின்ரை திறப்பு இருந்தது. இந்தப் பிள்ளை கனடாப் பாஸ்போட்டோடை போறாள். திறப்பு அவளின்ரை கையிலை இருக்கும்."

வெளியே பனி தள்ளும் வண்டி ஒன்று மெதுவாக வீதியைக் கடந்துபோனது.

"ஒரு ரூமுக்கு எத்தினை திறப்புத் தருவினம்?"

"ரெண்டு. கேட்டால் மூண்டும் தருவினம்."

"மூண்டாய்க் கேளுங்கோ," என்றார் இராஜரட்ணம்.

4.52. மக்டலீன் பேனாவைத் திறந்து முப்பத்தொன்பதாவது பெயரை எழுதினாள்.