மிம்மா பின்னாத சடை

தலையிலிருந்து கழற்றித் துண்டின் மேல் பக்கம் பக்கமாக அடுக்கி வைத்திருந்த ஒட்டுமுடிக் கற்றைகளில் மூன்று, முடிச்சு நசுக்கும் குறட்டை அவள் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள், ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

நின்ஃபா குனிந்து பார்த்தாள். முடி சிக்கிக்கொள்வது அவளுக்குத் தெரியும். சாக்குக் கயிறு யாரும் தொடாமலே முடிச்சுப் போட்டுக்கொள்வதும் தெரியும். இது சிக்கல் இல்லை. இடம், வலம், நடு என்று பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்குத் தாய் பின்னி அனுப்பியது போல அவ்வளவு ஒழுங்கு.

“கை நல்லாத்தான் இருக்கு,” என்று சடையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பிரித்துப் போட்டாள்.

பலெர்மோவின் பலாரோ சந்தையில் ஆலிவ் காயும் உப்பில் போட்ட கேப்பர் மொட்டும் விற்பவள் அவள். தெருமுனையில் நிற்கிறவனை அவன் செத்துப்போன மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வேண்டாத சரக்கை வாங்க வைத்து, நன்றியும் சொல்ல வைக்கிற வாய். போன வருடம் தைராய்டு கோளாறில் அவளுடைய முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சீப்பைப் பார்த்து அவள் அழவில்லை. வாடிக்கைக்காரி ஒருத்தி அவள் தலையைப் பார்த்து “பாவம்” என்றாள், சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குத்தான் அழுதாள். மறுநாளே சிநேகிதி மிம்மாவின் அழகுநிலையத்தில் போய் உட்கார்ந்து, இடுப்பு வரைக்கும் ஒட்டுமுடி வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது அந்தக் கடன் முடிக்கு அடியில் அவளுடைய சொந்த முடி தோள் தொட வளர்ந்திருந்தது. காலையில் எழுந்ததும் விரலை உள்ளே விட்டு அதைத் தடவிப் பார்ப்பதுதான் அவளுடைய ஜபம். நாளைக் காலை அந்த முடியோடு மட்டும் கடையில் நிற்க வேண்டும். பாவம் சொன்னவள் வந்தால் இரண்டு மடங்கு விலை சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் ஞாயிறு. மிம்மா கடையைப் பூட்டிவிட்டுக் கடலோரம் போயிருந்தாள். அவள் குரல் மட்டும் முகம் கழுவும் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்த கைபேசியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

“தண்ணி படக்கூடாதுடி. படிய வாராம தண்ணி ஊத்தினா எல்லாம் கம்பளி மாதிரி ஒட்டிக்கும். பசை கரைக்கிற மருந்த முடிச்சுல மட்டும் விடு, வேர்ல விடாத. ஊறட்டும். அப்புறம் குறட்டால நசுக்கு, பசை பொடிப்பொடியா உதிரும். வழுக்கிக்கிட்டுக் கீழ வரும். வரலன்னா மறுபடி மருந்து. பிடுங்காத.”

“ஆலிவ் நசுக்குறவளுக்கே நசுக்கக் கத்துக்குடுக்கிறியா?”

“உன் ஆலிவுக்கு வேர் இல்ல. கத்தரி எங்க இருக்கு?”

“கைக்கெட்டுற தூரத்துல.”

“எட்டாத தூரத்துல வை. அவசரக்காரி கையில கத்தரி இருந்தா அரைத்தலை போயிடும்.”

மூட்டை வாய் வெட்டுகிற பெரிய கத்தரியை நின்ஃபா அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். “நீ ஐஸ் நக்குற சத்தம் இங்க கேக்குது மிம்மா. வெக்கமா இல்ல? நான் இங்க அடுப்புல வேகுறேன்.”

“ஒரு வாரம் பொறுடின்னா கேட்டியா.”

வெளியே ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வரும் சிரோக்கோ காற்று மணலை வாரிக்கொண்டு வந்து மூடிய சன்னல் சட்டங்களில் மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது. சந்துக்குள் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, சாயங்காலக் கடை திறக்கும் வரைக்குமான அந்த உச்சி வேளையில் இந்த ஊரில் யாரும் யார் கதவையும் தட்டமாட்டார்கள், பிள்ளைகளைப் பால்கனிக்கு விடமாட்டார்கள், தலை வாரமாட்டார்கள். அந்த நேரம் கண்ணுக்குத் தெரியாத மாயப் பெண்களான வெளி அம்மணிகளுடையது என்பது சந்துக்காரர்கள் கணக்கு. பூட்டிய வீட்டுக்குள் சாவித்துவாரம் வழியாக வந்து, பிடித்துப்போனவர்கள் தலையில் ஒரு சடை பின்னிவிட்டுப் போவார்களாம். அதைப் பிரிக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. மீன்காரர் வீட்டுப் பையன் ஒருவன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே திரிகிறான். அவன் அம்மா வெட்டிவிட்டாளாம். சுளுக்குக்கு மருத்துவரிடம் போகச் சோம்பல்பட்டவர்கள் கட்டிவிட்ட கதை என்பது நின்ஃபாவின் கட்சி. உச்சி வேளையில்தான் அவளுக்கு ஓய்வு. அம்மணிகளுக்கு வேண்டுமானால் அவர்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளட்டும்.

மருந்தின் காரமான சாராய வாடை, சீப்பில் தடவிய எண்ணெயின் பச்சை வாசம், தூசியில் சுடுகிற மின்விளக்கின் நெடி எல்லாம் சன்னல் இல்லாத அந்தக் குளியலறையில் ஒன்றாகக் கலந்து நின்றன. ஒவ்வொரு முடிச்சும் குறட்டுக்குள் உப்புக்கல்லைப்போல நொறுங்கியது. கற்றை கையோடு வந்தது. அவள் அதைத் துண்டில் நீட்டி வைத்தாள், அடுத்ததைத் தேடினாள், வைத்தாள். கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் திறந்த கதவும், அதற்கப்பால் வீட்டுக்குள் இருண்ட நடைபாதையும் தெரிந்தன. முன் பக்கம் முடிந்தது. காதோரம் முடிந்தது. தலை லேசாகிக்கொண்டே வந்தது.

துண்டைப் பார்த்தாள். இந்தத் தடவை எல்லாமே சடையாகியிருந்தன.

“மிம்மா,” என்றாள். “இந்த முடி தானா முறுக்கிக்குமா?”

அந்தப் பக்கம் ஐஸ் நக்கும் சத்தம் நின்றது.

“எங்க வரைக்கும் எடுத்திருக்க?”

“பிடரிதான் பாக்கி.”

“அப்ப அங்கேயே நிறுத்திக்க.”

“ஏன்?”

“நின்ஃபா, கோவிச்சுக்காத. கழுத்துக்குழிக்கு மேல, நடுவுல, ஒண்ணு இருக்கும். அதத் தொடாத. அது நான் வெச்சதில்ல.”

“பின்ன யாரு வெச்சது, மேயரா?”

“அன்னிக்கு நீ உக்காந்தப்பவே இருந்துச்சு. சுண்டுவிரல் தண்டி, இறுகின சடை. தலையெல்லாம் கொட்டின உனக்கு அங்க மட்டும் முடி கொட்டல. நான் பாத்தேன். சொல்லல. அதச் சுத்தி மறைச்சு ஒட்டிவிட்டேன்.”

“இத்தன மாசமா சொல்லாம இருந்தியா?”

“சொன்னா நீ வெட்டியிருப்ப. உன்னத் தெரியாதா எனக்கு? பிடிச்சுப்போய்த்தான்டி போடுவாங்க. இருந்துட்டுப் போகட்டும்.”

“என் தலையில கடை போடுறவ எனக்கு வாடகை தரணும். இதுவரைக்கும் ஒருத்தியும் வந்து கேக்கல.”

“சிரிக்காத. சரி, உன்கூட யாரு இருக்கா?”

“யாருமில்ல.”

“பின்ன யாரு உன்ன ‘உஸ்’ன்றது?”

நின்ஃபா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முன்னறைச் சன்னலில் மணல். குழாயில் சொட்டு. வேறொன்றும் இல்லை.

“இதோ, திரும்ப. பிள்ளைய அமத்துற மாதிரி.” மிம்மாவின் குரல் கீழே இறங்கியது. அவள் நின்ஃபாவிடம் பேசவில்லை. “அம்மணிமாரே, எனக்கொண்ணும் தெரியாது. நான் பிரிக்கல, வெட்டல, பாத்துக்குங்க,” என்றாள். இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

சிநேகிதி என்றால் இப்படித்தான். சரக்கு கெட்டுப்போனால் பங்காளி ஊரில் இருக்கமாட்டான்.

நின்ஃபா கையைப் பின்னால் கொண்டுபோனாள். ஒட்டுமுடிக் கற்றைகளை விலக்கினாள். இருந்தது. வியர்வையில் ஊறிய பிடரியில் அது மட்டும் ஈரமில்லாமல், கிணற்றுக்குள் தொங்கவிட்ட கயிற்றைப்போலச் சில்லென்று இருந்தது. எத்தனை இழையில் பின்னியது என்று விரலுக்குப் பிடிபடவில்லை. நுனியில் முடிச்சும் இல்லை, அவிழவும் இல்லை. அவள் அதைத் தொட்டதும் நடைபாதையில் யாரோ வேலை முடிந்த களைப்பில் விடுவதுபோல ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

அவள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடைபாதையில் ஆளில்லை.

கோபம் வந்தது. முடி கொட்டிய நாட்களில் தலையணையில் கிடந்ததைப் பொறுக்கி எடுத்த காலைகள் நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம் இவர்கள் எங்கே போயிருந்தார்கள்? ஒன்றை மட்டும் தங்களுக்கென்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றதெல்லாம் கொட்டட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்களா?

“கேளுங்க அம்மணிமாரே,” என்றாள் இருட்டைப் பார்த்து. கடைக் குரலை வரவழைத்துக்கொண்டாள். “துண்டுல கிடக்குற சவுரி முழுக்க நல்ல சரக்கு. அள்ளிக்கிட்டுப் போங்க, சுமையெடுத்துவிடக்கூட வரேன். ஆனா தலையில இருக்குறது விக்கிறதுக்கில்ல. இது நான் படுத்துக் கிடந்து, மாத்திரை தின்னு, ஒவ்வொண்ணா வளத்தது. பேரம் கிடையாது.”

அவளுடைய தொழிலில் கத்துகிற வாடிக்கைக்காரர்களால் ஆபத்து இல்லை. பேசாமல் நிற்கிறவர்தான் ஆபத்து.

மீதிக் கற்றைகளை நசுக்கி எடுத்தாள். அவசரப்படவில்லை, பிடுங்கவில்லை. நுனியிலிருந்து மேலாக வாரினாள். கடைசியில் தோள்வரை அவளுடைய கறுத்த முடி. நடுப்பிடரியில் அந்தச் சடை. சடைக்கு மருந்து விட்டாள். ஊறவில்லை. குறட்டால் அழுத்தினாள். எலும்பைக் கடித்ததுபோல வலி கழுத்துக்குள் இறங்கியது.

அலமாரியின் மேல் தட்டுக்குக் கையை நீட்டினாள்.

கத்தரி அங்கேதான் இருந்தது. ஆனால் அதன் இரண்டு வாயையும் சேர்த்து, முடியால், அழகாகச் சுற்றிக் கட்டியிருந்தது.

“ஓ,” என்றாள் நின்ஃபா. “அப்ப பயம் உங்களுக்கும் இருக்கு.”

பல்லால் கடித்து அறுத்தாள். துப்பினாள். கத்தரியைப் பிடரிக்குக் கொண்டுபோய், சடையை இரண்டு வாய்க்கும் நடுவில் உள்வரைக்கும் விட்டு, ஒரே அழுத்து.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரக் கயிறு அறுபடுகிற சத்தம்.

வலி போய்விட்டது. அந்த இடத்தைத் தடவினாள், மழமழவென்று இருந்தது. கண்ணாடியில் தன் முடியைப் பார்த்தாள். உயிரோடு இருந்தது. அவளுடையது. சிரிக்க வாயெடுத்தாள்.

சடை கீழே விழவில்லை.

அவளுக்குப் பின்னால், அவள் கழுத்து உயரத்தில், அது காற்றில் தொங்கியது. யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. பிறகு இழை இழையாகப் பிரிந்தது. பொறுமையாக. கடைசி இழையும் நடைபாதை இருட்டுக்குள் போயிற்று.

அவள் முடி அசைந்தது.

கண்ணாடியில் கை இல்லை. விரல்கள் மட்டும் தலையில் பட்டன, சில்லென்று, ஒன்றிரண்டல்ல. உச்சியில் வகிடு எடுத்தன. காதுக்குப் பின்னால் ஒதுக்கின. “உஸ்” என்றது காதோரம், அன்பாக. இடம். வலம். நடு.

அவள் வெட்டினாள். மறுபக்கம் பின்னத் தொடங்கின. அதையும் வெட்டினாள். நெற்றியில். வெட்டினாள். விரல்கள் கோபப்படவில்லை. சற்று நகர்ந்துகொண்டன, அவ்வளவுதான். வெட்டிய இடத்தை விட்டு வெட்டாத இடத்துக்கு.

நின்ஃபா நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். ஒரு கணம் தன் முடியைக் கடைசியாகப் பார்த்தாள்.

“சரி,” என்றாள். “கடையையே மூடிட்டா எதை வாங்குவீங்க?”

நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். தோலை ஒட்டி. கொத்துக் கொத்தாக. தொட்டிக்குள் கறுப்பு விழுந்தது. காதோரம் கீறி ரத்தம் வந்தது, துடைக்கவில்லை. பின்தலை. பிடரி. கண்ணீர் வந்தது, அதையும் துடைக்கவில்லை. கத்தரி ஓய்ந்தபோது கண்ணாடியில் ஒரு மொட்டைத்தலை அவளை முறைத்தது. சந்தையில் நாளைக்கு யார் வேண்டுமானாலும் பாவம் சொல்லட்டும். சொன்னவர்களுக்கு மூன்று மடங்கு விலை.

விரல்கள் வெற்றுத் தலையில் ஊர்ந்தன. இங்கே. அங்கே. தேடின.

“சரக்கு தீந்துபோச்சு,” என்றாள் நின்ஃபா. “போய் வாங்க.”

விரல்கள் நின்றன. காற்றும் நின்றது. சன்னலில் மணல் தேய்கிற சத்தம்கூட இல்லை. அப்புறம் பின்னாலிருந்து, ரொம்பப் பக்கத்தில், பலர் ஒன்றாகச் சேர்ந்து மெல்ல மூச்சிழுத்தார்கள், நல்ல சரக்கைக் கண்ட வாடிக்கைக்காரிகளைப்போல.

நெற்றியில் சில்லென்று ஒரு விரல். இறங்கியது. புருவம். அதற்கும் கீழே.

வலது கண் துடித்தது. மூட முயலவில்லை, ஆனால் மூடியது. வெளி ஓரத்தில் ஏதோ இழுத்தது. வலியில்லை. நுண்ணியது. எறும்பு ஊர்கிற அளவு. மேலிமை மயிர் ஒன்று. கீழிமை மயிர் ஒன்று. மறுபடி மேல்.

கத்தரியைத் தூக்கினாள். கத்தரி முனை அவள் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. கை அதற்குமேல் போகவில்லை.

“உஸ்.”

இடது கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டாள் நின்ஃபா. கத்தரியைக் கீழே போடவில்லை. “இன்னொண்ணு திறந்துதான் இருக்கு,” என்றாள். “வாங்க.”

கண்ணாடிக்குள், வலது கண்ணின் ஓரத்திலிருந்து மூக்கை நோக்கி, மூடிய இமைகளைச் சேர்த்து, நூலைவிட மெல்லிய சடை ஒன்று ஒழுங்காக வளர்ந்துகொண்டிருந்தது. இடம். வலம். நடு.