மழை ஒழுகாத வராந்தா

சங்குமுனையில் மணிக்கூண்டுக்கு எண்ணெய் போட வேண்டுமென்றால் முதலில் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அன்று காலை பரோட்டாக் கடை லாசர் அண்ணன் எண்ணெய்க் குப்பியோடு அதன் அடியில் நின்று, "இந்த மணியக் கேட்டுத்தான் நான் மாவு பெசைய எந்திரிக்கேன்" என்றார். தூணிலிருந்த நடுவன் பொறி பச்சை விளக்குக் காட்டியது. ஏணியில் ஏறினார்.

வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தக் கடற்கரை நகரம் தன்னுடையது என்று இரண்டு அரசுகள் அடித்துக்கொள்கின்றன. ஒப்பந்தப்படி இங்கே ஒரு அரசு செங்கல் வைத்தால்கூட அது உரிமை கோருவதாகிவிடும். அதனால் இரண்டுமே எதையும் தொடுவதில்லை. கலங்கரை விளக்கம், சுங்க மாளிகை, என்னைப் பட்டதாரியாக்கிய கல்லூரி எல்லாம் உப்புக்காற்றில் உதிர்கின்றன. ஒரே ஒரு விலக்கு உண்டு. ஓரிடத்தால் பயன்பெற்றவர் நன்றியாகத் தன் கையால் அதைச் சரிசெய்யலாம். அந்த நன்றி மெய்யா என்று உள்ளங்கையின் நாடியையும் குரலையும் படித்துச் சொல்லும் மெய்யறி பொறிதான் நடுவன்.

மீன் விற்றுப் பிழைக்கும் எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படி ஏறியவள் நான். கட்டடப் பொறியியல். கூரை போடத் தெரியும். நன்றி சொல்லத்தான் வராது. அக்கா சலேத்தாவுக்கு நிறைமாதம். ஊரில் இருப்பது ஒரே மகளிர் மருத்துவமனை. அதன் பிரசவ அறைக் கூரை சல்லடை. மழையோ வாசலில் நிற்கிறது.

அக்காவும் கூட வந்தாள். மருத்துவமனை வாசல் நடுவனில் கையை வைத்தேன்.

"நீங்கள் இங்கே பெற்றது என்ன?"

"பொறந்தேன். ரொம்ப நன்றி."

சிவப்பு.

"ஏட்டி, போலீஸ்காரனுக்கு வணக்கம் வைக்க மாதிரில்லா சொல்லுத" என்றாள் அக்கா.

"வேற எப்படிச் சொல்ல? அம்மா வலியில துடிக்கும்போது, மீன் நாத்தம் உள்ள வரக்கூடாதுன்னு இந்த வராந்தாவுலதான தள்ளுனாவ? கொட்டுற மழையில, வெறுந்தரையில பொறந்தேன். அதுக்கு நன்றியா?"

"கோபம் மெய். நன்றி காணவில்லை" என்றது நடுவன்.

"எப்படிக் காணும்? கூட்டுற பேச்சியக்கா தன் சேலைய அவுத்து மறைப்புக் கட்டி, பாவாடையோட நின்னு என்னை ஏந்தலன்னா, நானும் இல்ல, எங்கம்மாவும் இல்ல. அவ மட்டும் வரலன்னா..."

குரல் உடைந்துவிட்டது. கை இன்னும் பொறியில்தான் இருந்தது.

பச்சை.

"நன்றி ஏற்கப்பட்டது. இடம்: வராந்தா."

"வராந்தாவா? ஒழுகுறது உள்ளல்லா!"

"நன்றி எழுந்த இடத்தை மட்டுமே பழுதுபார்க்கலாம்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒங்கிட்ட இருந்த நன்றி அவ்ளோதாம்ட்டி."

வராந்தாவுக்குச் சாய்கூரை போட்டேன். சுவர் எழுப்பியபோது, "இது பழுதுபார்ப்பா?" என்று நடுவன் கேட்டது. "ஒரு பொம்பள பிள்ள பெற முடியாத எடமா இருந்துச்சு. அதான் பழுது" என்றேன். யோசித்துவிட்டுப் பச்சை காட்டியது. கதவும் வைத்தேன்.

மழை வந்தது. பிரசவ அறையில் முழங்கால் அளவு தண்ணீர். டாக்டரம்மா கட்டில்களை வராந்தாவுக்குத் தள்ளச் சொன்னார். சுங்க மாளிகைத் தெருவின் வசதியான வீட்டுப் பெண்கள், கடற்புறத்துப் பெண்கள், எல்லோரும் ஒரே கூரையின் கீழ் முனகினார்கள். எந்த நாற்றத்தைப் பற்றியும் யாரும் பேசவில்லை. அக்கா அங்கேதான் பெற்றாள்.

குடையை மடக்கியபடி பேச்சியக்கா வந்தார். கதவைத் திறந்து, சாத்தி, மறுபடி திறந்து பார்த்தார்.

"அன்னைக்கே இந்தக் கதவு இருந்திருந்தா என் நல்ல சேலை மிஞ்சியிருக்குமேட்டி."

பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். வாசலில் சுங்க மாளிகைத் தெருப் பெண் ஒருத்தியின் மாமியார் நடுவனில் கையை வைத்து, வராந்தாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த மழைக்குள் இந்தக் கூரைக்குச் சாயம் பூச அவளுக்கும் உரிமை வேண்டுமாம்.

பச்சை எரிந்தது.